சென்னபட்டணத்துப் பம்பரம்

மைசூர் போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று பார்த்துவிட்டு, அரை டஜன் சந்தன சோப்பும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதுதான் வழக்கம். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். ஆனால் வழியில் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். அது என் சின்னப் பிள்ளைக்காக.

அவனுக்கு நாலரை வயசு. எல்.கே.ஜி. படிக்கிறான். அரையாண்டு லீவுக்கு முன்னால் டயரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள்: பென்சில் பிடிக்கத் தெரியவில்லை, எழுத்துக்களைத் திருப்பிப் போடுகிறான், தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கவும் என்று. நானும் விடவில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் நோட்டும் கையுமாக உட்கார்த்தி வைப்பேன். அவனோ பென்சிலை உலக்கை பிடிக்கிற மாதிரி நாலு விரலாலும் இறுக்கிப் பிடிப்பான். ஒருநாள் பொறுமை போய், ஸ்கேலால் முட்டியில் ஒன்று போட்டுவிட்டேன். பயல் அழவில்லை. கையை மட்டும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து பென்சில் டப்பாவைக் கண்டாலே அந்தக் கை பின்னால் போய்விடும். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

சளிக்காகக் குழந்தை டாக்டரிடம் போனபோது இதையும் சொன்னேன். முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். கண்ணில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, "ஏம்மா, மணிக்கட்டு எலும்பே இன்னும் முழுசா வரலை, அதுக்குள்ள ரெண்டு பக்கமா?" என்று கேட்டார். பிறந்த குழந்தையின் மணிக்கட்டு வெறும் குருத்தெலும்பாம். எக்ஸ்ரே எடுத்தால் அங்கே ஒன்றும் தெரியாதாம். எட்டுச் சின்ன எலும்புகள் ஒவ்வொன்றாக இறுகி வர பத்து வயசு வரைக்கும்கூட ஆகுமாம். மூன்று பிள்ளை பெற்ற என் மாமியாருக்கே அது புதுச் செய்தி!

"அப்போ என்ன செய்யறது?" என்றேன். "விளையாட விடுங்க" என்றார்.

அதனால்தான் சென்னபட்டணா. பெயரைக் கேட்டதும் என் மாமியார், "நம்ம ஊர்தானே சென்னப்பட்டணம்? இங்கிருந்து இங்கேயே போறதுக்கு எதுக்கும்மா ரயிலு?" என்று ஒரு போடு போட்டார். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் ரயிலில் ஏறினால், சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பிடதியைத் தாண்டும்போது தட்டு இட்லி ஞாபகம் வந்தது. ராமநகரத்துப் பாறைக் குன்றுகளைக் கண்டதும் என் கணவருக்கு 1975-ல் வந்த 'ஷோலே' ஞாபகம் வந்துவிட்டது. அங்கேதான் எடுத்தார்களாம். கதை முடிவதற்குள் ஊர் வந்துவிட்டது.

ஊரில் கடைக்குக் கடை மரப்பொம்மைகள்தான். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்திலிருந்து கலைஞர்கள் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 2005-06-ல் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கடையோடு நின்றுவிடாமல், விசாரித்துக்கொண்டு ஒரு கடைசல் பட்டறைக்குப் போனோம்.

மரத்தைக் கன்னடத்தில் 'ஆலெ மர' என்கிறார்கள். நம் வெட்பாலைதான். சொறி சிரங்குக்குத் தைலம் காய்ச்ச அதன் இலையைத் தேடி அலைகிறோமே, அதே மரம். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சில மாதம் காயவைத்து, துண்டு போட்டு, கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியைக் காட்டினால், உருளை உருண்டையாகிறது, உருண்டை பம்பரமாகிறது. பிறகு ஒரு வர்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி அப்படியே ஒட்டிக்கொள்கிறது. தூரிகையும் கிடையாது, பெயின்ட்டும் கிடையாது. மஞ்சளுக்கு மஞ்சள்தூள், நீலத்துக்கு அவுரி என்று செடிகொடிச் சாயம்தான் பழைய முறை. கடைசியில் தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு!

எங்கள் பயல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இயந்திரத்தில் இருந்த பெரியவர் விரல் நீளத்தில் ஒரு பம்பரத்தை எடுத்து, தரையில் சுண்டிவிட்டு, அவன் கையில் கொடுத்தார். கயிறு சுற்றும் பம்பரம் இல்லை. காம்பைப் பிடித்துத் திருகிவிடுகிற வகை. பயல் வழக்கம்போல உலக்கைப் பிடி பிடித்தான். பம்பரம் பொத்தென்று சாய்ந்தது. மறுபடியும் சாய்ந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறக்கப் போனேன். மாமியார் என் கையை அழுத்தினார்.

ஒரு அரைமணி போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் பம்பரம் நின்று சுழல்கிறது! கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், அண்டைக்கு நடுவிரல். நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு மன்றாடிய அதே மூன்று விரல்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தாரே மரியா மாண்டிசோரி அம்மையார், அவர் முறையிலும் இதே சூட்சுமம்தான். பலகைக் குழிகளில் பொருந்தும் மர உருளைகளின் தலையில் சின்னக் குமிழ் இருக்கும். மூன்று விரலால்தான் தூக்க முடியும். எந்த உருளை எந்தக் குழிக்கு என்று கண் தேட, பிற்பாடு பென்சிலுக்கு வேண்டிய பிடி விரலுக்குத் தானாக வந்துவிடுகிறது.

கண் என்றதும் இன்னொன்று. பட்டறையில் பம்பரங்களுக்குச் சாயக் கோடு பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த பெண், பயலையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். "கெம்பு, ஹளதி, கெம்பு" என்று காட்டினார். சிவப்பு, மஞ்சள், சிவப்பு. அந்தக் குவியலில் அதே வரிசை உள்ளதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கண் பார்ப்பது வேறு, பார்த்ததைப் பிரித்து அறிவது வேறு. எழுத்தைத் திருப்பிப் போடுவதும் இங்கேதான் வருகிறது. டம்ளரை எப்படித் திருப்பி வைத்தாலும் டம்ளர்தானே? பிறந்ததிலிருந்து குழந்தை கற்றது அதுதான். எழுத்து மட்டும் திரும்பினால் வேறு எழுத்து என்கிறோம். இங்கிலீஷில் 'பி'யைத் திருப்பினால் 'டி'. தமிழில் ஒரு சுழி கூடினால் 'ன' போய் 'ண' ஆகிறது. ஆறேழு வயசு வரை இதில் தடுமாறுவது சகஜம்தான்.

கோடுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. மூன்று வயசில் வட்டம், நாலில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், முக்கோணம் அதற்கும் அப்புறம். சாய்ந்த கோடு கடைசியாகத்தான் வரும். இங்கிலீஷ் பெரிய 'ஏ'யே இரண்டு சாய்ந்த கோடுதானே! அதைப் போய் முதல் பாடமாக வைத்திருக்கிறோம். என் அபிப்பிராயத்தில் இந்தப் பாடத்திட்டம் போட்டவர்கள் பிள்ளை வளர்த்தவர்களாக இருக்க முடியாது.

நாங்கள் மூன்று பம்பரமும், நாத்தனார் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையும், வளையம் அடுக்கும் கோபுரம் ஒன்றும் வாங்கினோம். மணி கோக்கும் செட்டும் அழகாக இருந்தது. ஆனால் வீட்டில் மூன்று வயசுக்கு உட்பட்டது ஒன்று இருந்தால் அதை வாங்காதீர்கள். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சின்னதான எதுவும் தொண்டையில் அடைக்கும்.

பொம்மைக்காக ரயில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஊருக்கு வந்ததும் மாமியார் தன் பங்குக்கு ஆரம்பித்துவிட்டார். பட்டாணி உரிக்க ஒரு கிண்ணம், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, சாயங்காலம் பல்லாங்குழி. காலையில் கோலத்துக்கு அவர் நாலு புள்ளி வைத்தால், ஐந்தாவது அவன் வைக்க வேண்டும். கோலமாவை எடுக்க எத்தனை விரல் வேண்டும் என்று நீங்களே எடுத்துப் பாருங்களேன்.

கைக்குழந்தை ஒன்றரை வயசுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா வைத்திருந்தாலோ, ஐந்து வயசாகியும் வட்டம்கூட வராமல், பட்டனும் போட முடியாமல் தவித்தாலோ, அதை விளையாட்டுக்கு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று இதற்கென்றே பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

லீவு முடிந்து பள்ளிக்கு நானே போய், இரண்டு பக்கம் எழுத வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. போகட்டும்.

போன வாரம் பால்கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பயல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பென்சிலை அவனாகவே வாங்கி, நோட்டு ஓரத்தில் ஒரு பம்பரம் வரைந்தான். பிடி சுமார்தான், பம்பரமும் கத்தரிக்காய் மாதிரிதான் இருந்தது. கீழே தன் பெயரை எழுதினான், ஓர் எழுத்து திரும்பி நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பால்கணக்கை அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.