யுங்ஃப்ராவ்யோக்கில் ஒரு நாள்

யுங்ஃப்ராவ்யோக்குக்கு ஏறுகிற ரெயில் பாதை 9 கிலோமீற்றர். அதில் 7 கிலோமீற்றருக்கு மேல் சுரங்கம். ஐகர், முன்ஞ் என்ற இரண்டு மலைகளைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். 1896இல் தொடங்கிய வேலை 16 வருசம் இழுத்தது. குடைந்தவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியில் இருந்து கூலிக்கு வந்தவர்கள். வெடிவிபத்தில் செத்துப்போனவர்களும் உண்டு. 1912 ஓகஸ்ட் 1இல் 3,454 மீற்றர் உயரத்தில் நிலையம் திறந்தது. எங்கட பிதுருதலாகல 2,524 மீற்றர்தான் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ.

போன கோடையில் நாங்கள் நாலு பேரும் மாமாவையும் இழுத்துக்கொண்டு போனோம். மாமா சுவிஸுக்கு வந்து முப்பது வருசம். றெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. ஊரே லீவில் மலைக்குப் போகிற சனி, ஞாயிறில்தான் அவருக்கு வேலை கூட. மலைப்படம் போட்ட கலண்டரை ஒவ்வொரு வருசமும் ஊருக்கு அனுப்பினவர், ஒருநாளும் மேலே ஏறினதில்லை. கேட்டால், "மலை எங்க ஓடப்போகுது?" என்பார்.

மலை ஓடவில்லை. பனிதான் போய்க்கொண்டிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் அலெட்ச் பனியாறு ஒரு வெள்ளை நெடுஞ்சாலை மாதிரி வளைந்து இறங்குகிறது. சுமார் 20 கிலோமீற்றர், ஆல்ப்ஸிலேயே மிக நீளமானது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கீழே கொன்கோர்டியா என்ற இடத்தில் மலையேறுவோருக்கு 1877இல் ஒரு குடில் கட்டினார்கள். அப்போது பனியிலிருந்து கொஞ்சம் ஏறினால் குடில். பனி வற்றி வற்றி, இப்போது 400க்கும் மேற்பட்ட இரும்புப் படிகள் ஏறவேண்டும்.

மேலே பனிச்சறுக்கு, பனிக்குகை, கடைகள் எல்லாம் இருக்கின்றன. டிக்கட் விலை கையைச் சுடும். ஆனால் எங்களுக்குப் பிடித்தது திரும்பி வரும் வழி. கிளைன ஷைடெக்கில் இறங்கி கிரின்டெல்வால்ட் வரை நடந்தோம். அதற்குக் காசு இல்லை. மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இல்லை, நடக்க எவ்வளவு நேரம் எண்டுதான் போட்டிருக்கும். புல்வெளி முழுக்க மாட்டுமணிச் சத்தம். நாள் முழுக்க அடுப்படியில் நின்று பழகின மாமாவின் கால்கள் எங்களை முந்திப் போயின.

சுவிஸில் சொந்தக்காரர் இருந்தால், போகிறபோது அவர்களையும் ஒருநாள் லீவு போடச் சொல்லுங்கோ. படம் எடுக்கப் பனி இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். அவர்களுக்கு அந்த நாள் அதற்கு முன்னமே கிடைக்கவேண்டும்.