அத்தையின் வீணைக்கு எந்த மைக்?

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் மூன்று கேள்விகள் வரும். “அந்த நடிகரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?”, “எனக்குப் பிடித்த பாட்டைப் போடுவீர்களா?”, “வீட்டில் பதிவு செய்ய எந்த மைக் நல்லது?” முதல் இரண்டையும் சிரித்துச் சமாளித்துவிடலாம். அண்மைக் காலமாக மூன்றாவது கேள்விதான் அதிகம் வருகிறது. பாட்காஸ்ட் தொடங்கும் இளையர்கள், பிள்ளையின் வயலின் வாசிப்பைச் சேமிக்க நினைக்கும் பெற்றோர், பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்ய விரும்பும் பேரப்பிள்ளைகள் எனப் பலரும் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “எதை, எந்த இடத்தில் பதிவு செய்யப் போகிறீர்கள்?”

இந்த ஆண்டு அதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஈசூனில் வசிக்கும் என் அத்தைக்கு வயது 74. சிறு வயதில் கற்ற வீணையை இன்றும் வாசிக்கிறார். ஆனால் மூட்டுவலியால் இடக்கை விரல்கள் வீங்கிவிடுகின்றன. கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாது. கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் வாசிக்க முடிவதில்லை. அவருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் வீணையைத் தொடுவதற்கு ஆள் இல்லை. கைவசம் இருப்பது பழைய ஒலிநாடா ஒன்றுதான். அதில் வீணையைவிட இரைச்சலே அதிகம்.

பாடகர்களின் முகத்துக்கு எதிரே தொங்கும் தடித்த மைக்கைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதனுள் சுமார் 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு இருக்கும். அதே கண்டென்சர் வகையில், விரல் பருமனில், பாதி அகலமே உள்ள சவ்வுடன் வருவதைத் தொழிலில் ‘பென்சில் மைக்’ என்போம்.

சவ்வின் அளவு ஏன் முக்கியம்? 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 சென்டிமீட்டர். பெரிய சவ்வின் அகலம் ஏறக்குறைய அதற்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. அதனால் பக்கவாட்டிலிருந்து வரும் நுண்ணிய ஒலி, சவ்வின் ஓரத்தை ஒரு நேரத்திலும் மறு ஓரத்தை வேறு நேரத்திலும் தொட்டு, தன்னைத்தானே ஓரளவு அழித்துக்கொள்கிறது. நேர் எதிரே நிற்பவரின் குரல் செழிப்பாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பது மங்கிவிடும். சிறிய சவ்வில் இந்த மங்கல் குறைவு.

வீணைக்கு இது பெரிய விஷயம். அதன் ஒலி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. குடத்தின் பலகை அதிர்கிறது, வலக்கை மீட்டுகிறது, இடக்கை மெட்டுகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. ஒரு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கருவி அது. ஆகவே பென்சில் மைக் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எந்தப் பென்சில் மைக் என்பதில்தான் குழப்பம்.

ஜெர்மனியின் நியூமன் கேஎம் 184, ஆஸ்திரேலியாவின் ரோட் என்டி5. முதலாவதில் ஒன்று வாங்கும் பணத்துக்கு இரண்டாவதில் ஒரு ஜோடியே கிடைக்கும். எல்லா மைக்கும் தனக்கென்று சிறிது இரைச்சலை எழுப்பும். நியூமனில் அது 13 டெசிபல், என்டி5இல் 16. பெரிய சவ்வு கொண்ட ரோட் என்டி1-ஏ மைக்கில் வெறும் 5 டெசிபல்தான். பென்சில் மைக்கின் பலவீனம் இதுவே. வீணையோ மெல்லிய குரல் கொண்டது. அந்த 3 டெசிபலுக்காக அத்தனை வெள்ளி கூடுதலாகச் செலவழிக்க வேண்டுமா?

பதிலைச் சொன்னது அத்தையின் வீவக வீடுதான். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினாலும், நள்ளிரவு அறையில்கூட 30 டெசிபல் அளவுக்கு ஓசை இருக்கும். பகலில் எம்ஆர்டி ரயில், மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், காரிடாரில் பேச்சு. அறையே அவ்வளவு சத்தம் போடும்போது 13க்கும் 16க்கும் உள்ள வேறுபாடு அதற்கடியில் புதைந்துவிடும். பணத்தைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம் என்று புரிந்தது. அத்தை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். முதல் ரயிலுக்கும் குயிலுக்கும் முன்னால் பதிவை முடித்துவிட வேண்டும்.

இருந்தாலும் காதால் கேட்டு முடிவு செய்ய ஆசை. “இதுல ஒரு தடவை, அதுல ஒரு தடவை” என்று அத்தையின் விரல்களை வதைக்க முடியாது. அதனால் என்னிடம் இருந்த என்டி5 ஜோடியோடு, நியூமன் ஜோடி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 பாகைக் கோணம். பிரெஞ்சு வானொலியில் உருவான முறை இது. வீணையிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தேன். அத்தை ஒரே முறை வாசித்தார். நான்கு மைக்கும் கேட்டன.

பிறகு இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் சமப்படுத்தி, ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று மட்டும் பெயரிட்டேன். சமப்படுத்தாவிட்டால் சத்தம் கூடியதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். நிலையத்தில் இருவரிடம் போட்டுக் காட்டினேன். ஒருவர் ஒன்று என்றார், மற்றவர் இரண்டு என்றார். அத்தையோ, “ரெண்டும் என் வீணைதானேம்மா” என்றார். அடுத்த நொடியே முகம் மாறியது.

“அய்யய்யோ, நான் முணுமுணுக்குறது கேக்குதே! அத எடுத்துடும்மா.”

வாசிக்கும்போது சுரத்தை வாய்க்குள் பாடுவது அத்தையின் பழக்கம். அறையின் மறுமூலையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அந்த மெல்லிய குரலை இரு ஜோடிகளும் பிடித்திருந்தன. மென்பொருள் கொண்டு அதைக் குறைத்துக் காட்டினேன். முணுமுணுப்பு போனது. அதோடு தந்தியின் கார்வையும் மெலிந்துபோனது. அத்தை ஹெட்போனைக் கழற்றாமல் மீண்டும் ஒருமுறை கேட்டார். “வீணை பாவம். இருக்கட்டும் விடு” என்றார்.

என்டி5 பதிவையே வைத்துக்கொண்டோம். மெல்பர்னில் இருக்கும் அவர் மகன் கேட்டுவிட்டு, வீணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அம்மா கூடவே பாடுறாங்க” என்று மட்டும் செய்தி அனுப்பினான்.

நீங்களும் பதிவு செய்ய நினைத்தால் சில குறிப்புகள். வாயருகே வைத்துப் பேசுவதற்குப் பென்சில் மைக் அவ்வளவாகப் பொருந்தாது. ‘ப’ சொல்லும்போது வரும் காற்று அதைத் தடுமாறச் செய்யும். வீணை, வயலின், மிருதங்கம், சிறு பாடகர் குழு ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தம். ஜோடியாக வாங்குவதென்றால் இரண்டும் ஒத்த தன்மையுடையவை எனத் தேர்ந்து விற்கப்படும் ஜோடியைக் கேளுங்கள். இவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் அந்த வசதி இருக்கிறதா எனப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதம் கண்டென்சர் மைக்குக்கு எதிரி. கேமராக்களை வைக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வையுங்கள். ஒரே ஒரு பதிவுக்காக என்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

மைக் இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். புதிய மாடல்களும் வரும். வாசிப்பவரின் விரல்களுக்கும் பாடுபவரின் குரலுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் பேசி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்கை அதற்குள் முடிவு செய்துவிடலாம்.