எட்டா டெல்லோர்சோ: பெயர் தெரியாத குரல்

'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) படத்தின் கல்லறைக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புதைத்து வைத்த தங்கத்தைத் தேடி டூக்கோ சுற்றிச் சுற்றி ஓடுவான். வசனமே கிடையாது. பின்னணியில் ஒரு பெண்குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும்...

அந்தக் குரல் எட்டா டெல்லோர்சோவுடையது. 1935-ல் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்தவர். என்னியோ மோரிக்கோனேயின் அந்த இசையில் அவர் பாடுவது வெறும் 'ஆ...' தான். வார்த்தை இருந்திருந்தால், அது பேராசையா ஆனந்தமா என்று சொல்லிவிட்டிருக்கும். இல்லாததால் இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. டூக்கோ கொள்ளைக்காரன்தான். ஆனாலும் தங்கம் அவனுக்கே கிடைக்கட்டும் என்று தோன்றிவிடுகிறது!

மெட்டாலிகா குழு 1980களிலிருந்தே தங்கள் கச்சேரிகளை இந்த இசையோடுதான் தொடங்கிவருகிறது. அரங்கமே கூடச் சேர்ந்து பாடும். பாடியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த தடவை கேட்கும்போது பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.