ஒரு புண்ணுக்கு எத்தனை வரிசை

அம்மாவுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. காலில் வந்த சின்னப் புண் ஆறாமல் பெரிதானபோது, பெருங்களத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை கேட்ட முன்பணத்தைக் கட்ட எங்களால் முடியவில்லை. சென்னைக்குத் தெற்கே உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

வெளியே சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்கிறேன். அங்கே எனக்கு முன்னால் நின்றவர்களை நான் வெறுத்தேன். இத்தனை பேர் ஏன் வருகிறார்கள், பேரனைத் தூக்கிக்கொண்டு ஏன் வருகிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பார்கள். அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பது மெள்ளத்தான் புரிந்தது.

காலையில் ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை. டாக்டரைப் பார்க்க இன்னொன்று. அவர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைக்கு லேப் வாசலில் மூன்றாவது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் லேபுக்குப் போக டாக்டரின் கையெழுத்து வேண்டும். அதை வாங்குவதற்குள் பதினொரு மணி. ராத்திரி சாப்பிட்ட சர்க்கரை நோயாளி அதுவரை பச்சைத் தண்ணீரோடு நிற்க வேண்டும். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்தையும் கொடுத்து, ரிசல்ட் கைக்கு வரும்போது ஓபி முடிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில கொண்டுவந்து டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா" என்றார் சிஸ்டர், எரிச்சல் இல்லாமல். அவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றுகிற முகம்.

மறுநாள் மறுபடி சீட்டு வரிசையிலிருந்து தொடங்கினோம். ஓபி நோட்டில் இரண்டு நாளுக்கு இரண்டு பதிவு. ஒரே ஆள், ஒரே கால், ஒரே புண். இப்படித்தான் ஒரு நோயாளி கூட்டமாக மாறுகிறார். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா டாக்டரைப் பார்க்கவே வரவில்லை. மாசா மாசம் வாங்குகிற பிரஷர் மாத்திரைதான் அவருக்கு வேண்டும். அதற்கும் டாக்டரின் கையெழுத்து, அதற்கும் அதே வரிசை. வீட்டு வேலைக்குப் போகிறவர். வரிசையில் நின்றதற்கு அன்றைய கூலி போயிற்று. உண்மையாகவே டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டியவருக்குக் கிடைக்க வேண்டிய நிமிடங்களும் அந்தக் கையெழுத்தில் போயின.

அம்மாவை அட்மிட் செய்த பிறகு இன்னொன்றும் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை. டிரெஸ்ஸிங் ரூமுக்கும் ஸ்கேனுக்கும் நானும் தம்பியும்தான் தள்ளிக்கொண்டு போனோம். ரிப்போர்ட் வாங்கி வர ஒருவர், பக்கத்தில் இருக்க ஒருவர் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். படுக்கை கிடைக்காதவர்கள் தரையில் பாய் விரித்திருந்தார்கள். அவர்கள் பக்கத்திலும் இரண்டிரண்டு பேர். சாயங்காலம் செக்யூரிட்டி வந்து, "கூட்டம் போடாதீங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று விரட்டினார். நாங்கள் போய்விட்டால் அந்த ஸ்ட்ரெச்சர் நகராது என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் தாம்பரம் பகுதிக்கு மருத்துவமனை புதிதில்லை. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக 12 படுக்கைகளோடு தொடங்கிய சானடோரியத்தின் பெயர் கொண்ட நிலையத்தில் இன்றும் மின்சார ரயில் நிற்கிறது. அன்று நல்ல காற்றுக்காகத் தேடி வந்த ஊர், 2021இல் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், அனகாபுத்தூரையும் சேர்த்து மாநகராட்சி ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் தாம்பரத்தில் 400 படுக்கைகளோடு புதிய மாவட்டத் தலைமை மருத்துவமனையும் திறந்தார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் படுக்கை கூடினால் தரையில் படுப்பவர்கள் குறைவார்கள், அவ்வளவுதான். சீட்டு, லேப், மாத்திரை என்று ஆளை அலைக்கழிக்கும் முறை அப்படியே இருந்தால், அதே வரிசை புது டைல்ஸ் மேல் நிற்கும்.

இந்த முறையை மாற்றுவது முடியாத காரியம் என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அத்தனை அலைச்சலிலும் "மாத்திரை இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, கணக்கு வைத்து அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் தன்னார்வலர் ஒருவர் வர ஆரம்பித்த பிறகு, அம்மாவின் மாத்திரை வரிசை எங்கள் வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது. யாரோ உட்கார்ந்து யோசித்ததால் நடந்தவை இவை.

அதே யோசனையை லேப் வாசலுக்கும் கொண்டுவரச் சொல்லித்தான் கேட்கிறேன். தெரிந்த சர்க்கரை நோயாளிகளிடம் ஓபி தொடங்குவதற்கு முன்பே, போன தடவை எழுதிய சீட்டை வைத்தே ரத்தம் எடுத்துவிடலாம். ரிசல்ட் மட்டும் காட்ட வருகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு டாக்டரை உட்கார வைக்கலாம். அவர்கள் சீட்டு வரிசைக்கே போக வேண்டாம். வார்டுக்கு மூன்று ஷிப்டிலும் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் போடலாம். அம்மாவின் அடுத்த பரிசோதனை அடுத்த மாதம். இந்த யோசனைகளை ஒரு மனுவாக எழுதி, கண்காணிப்பாளர் அறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.