செப்புப் பேழையும் பழைய பீரங்கியும்

சுவீடன் நாட்டின் கிழக்குக் கரையிலே கல்மார் என்றொரு பழைய நகரம் உண்டு. அந்நகரத்து நூதனசாலைக்குச் செல்வோர் ‘குரோனான்’ என்னும் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கிகளைக் காணாது திரும்பார். 1676ஆம் ஆண்டு, எலாண்ட் தீவுக்கு அணித்தாய் நிகழ்ந்த கடற்போரிலே, அக்கப்பல் கவிழ்ந்து வெடித்து, ஏறத்தாழ எண்ணூறு பேருடன் அமிழ்ந்தது. 1980ஆம் ஆண்டிலேதான் அதன் சிதைவுகளைக் கண்டனர்.

அதன் பீரங்கியொன்று, முந்நூறு ஆண்டுகளாக, வாய் கீழாகக் கடலடிக் களிமண்ணிலே புதைந்து நின்றது. நூற்றுக்கு 96 பங்கு செம்பு கொண்ட அதனை ஆராய்ந்தோர், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு அரிக்கப்பட ஏறத்தாழ 70,000 ஆண்டுகள் செல்லுமெனக் கணித்தனர். பழம்பொருள் ஆசையால் எழுந்த ஆராய்ச்சியன்று அது. அணு உலைகளின் கழிவை நிலத்தடியிற் புதைக்க எவ்வுலோகத்தாற் பேழை செய்வதென்பதே அவர்தம் கவலை.

அப்பேழையைக் காண நாம் வடக்கேயுள்ள ஒஸ்கார்ஷாம் துறைமுகத்துக்குச் சென்றோம். 1998ஆம் ஆண்டு முதல் அங்கே பேழை ஆய்வுகூடமொன்று இயங்கி வருகின்றது. பேழையின் நீளம் ஐந்து மீற்றர் வரை. கழிவு நிரம்பியபின் நிறை 25 தொன் வரை. உள்ளே வார்ப்பிரும்பு, பாறையின் அழுத்தத்தைத் தாங்குதற்கு. வெளியே ஐந்து சென்ரிமீற்றர் தடித்த செம்பு, நீரைத் தடுத்தற்கு.

செப்புக்குடத்தைப் புளியிட்டுத் துலக்கிப் பழகிய நமக்கு இத்தெரிவு வியப்பாயிருந்தது. ஆயினும், குடத்திற் களிம்பேற்றுவது காற்றிலுள்ள ஒட்சிசனே. 500 மீற்றர் ஆழத்துப் பாறை நீரில் அது இல்லை. அத்தகைய நீரிலும் இரும்பு மெல்ல மெல்ல அரிக்கப்படும். செம்பு நிலைத்து நிற்கும். அங்கே செம்புக்குப் பகை சல்பைட்டு. அது பேழையை எளிதில் அணுகாதிருக்க, நீர்பட்டாற் பருத்து இறுகும் பென்ரனைற் களிமண்ணைச் சுற்றிலும் அடைப்பர்.

இவற்றை எல்லோரும் ஒப்பினாரல்லர். ஸ்ரொக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் சிலர், ஒட்சிசனற்ற தூய நீரிலும் செம்பு அரிக்கப்படும் என்று வாதிட்டனர். பின்வந்த சோதனைகள் சில அதனை உறுதிசெய்யவில்லை. எனினும் 2018ஆம் ஆண்டு சுற்றாடல் நீதிமன்றம், பேழையின் உறுதிக்கு மேலுஞ் சான்று வேண்டுமென்றது. அரசாங்கமோ 2022ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது. நீதிமன்றத்தின் தயக்கமே நமக்கு உவப்பாயிற்று. பீரங்கி சாட்சி சொல்வது முந்நூறு ஆண்டுகளுக்கே. பேழையிடம் கேட்பதோ ஓர் இலட்சம் ஆண்டு.

2025 ஜனவரியில், போஸ்மார்க் என்னுமிடத்திலே, புதைகுழிக்கான வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 6,000 செப்புப் பேழைகளை அங்கே இறக்கவிருக்கின்றனர்.