பதிவேட்டில் என் பெயர்

ஒரு கருத்தரங்கிற்காகச் சென்னை போனபோது, அழைத்தவர்கள் சொகுசு விடுதி ஒன்றில் அறை போட்டிருந்தார்கள். பழைய பங்களா, பத்தே அறைகள். பதிவேட்டில் என் பெயரையும், ஊர் பெரியநாயக்கன்பாளையம் என்றும் எழுதினேன். சாவியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' சும்மா வரவில்லை, தோழர்களே. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். இந்து விடுதிகள் இடம் தராது என்பதால், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. கையில் காசும் பட்டமும் இருந்தும் அறை நிலைக்கவில்லை.

எனக்குக் கதவைத் திறந்தது உரிமை. அரசமைப்பின் 15(2) பிரிவு, விடுதிகளிலும் உணவகங்களிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் அங்குள்ள பாத்திரங்களைத் தர மறுப்பதையும் குற்றமாக்குகிறது. சொகுசு விடுதியின் பீங்கான் கோப்பைக்கும் நம்ம ஊர் டீக்கடை டம்ளருக்கும் ஒரே சட்டம்தான்.

நம்மில் ஒருவர் ஏசி அறையில் தூங்கியதால் சாதி செத்துவிடாது. உங்கள் ஊரில் தனி டம்ளரைக் கண்டால் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள், புகாரில் அந்த 4ஆம் பிரிவை எழுதுங்கள். கீழே உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடுங்கள்.