ஒன்றே முக்கால்

8.9.2012, சனி

படம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, லண்டனில் கரண்ட் போய்விட்டது. மின்நிலைய இயந்திரத்தில் எவனோ மணலைக் கொட்டியிருக்கிறான். தெருவெல்லாம் இருட்டு. 'பிஜூ' என்றொரு சின்ன சினிமா கொட்டகை. அதன் வாசலில் டிக்கெட் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டு, காசைத் திருப்பிக் கொடு என்று ஒரே கூச்சல். பக்கத்துக் காய்கறிக் கடையில் வேலை செய்கிறவன் நடுவில் புகுந்து, கரண்ட் போனதற்குக் கொட்டகைக்காரர் என்ன செய்வார் என்று சட்டம் பேசுகிறான். கொட்டகைக்காரர் வெர்லாக் அந்த நேரத்தில்தான் கொல்லைப்புறமாக வந்து கை கழுவுகிறார். கழுவுத்தொட்டியில் மணல்.

மின்வெட்டு மலிந்த இந்த வருஷம் சேலையூரில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். லண்டன்காரர்களும் சிரித்துவிடுகிறார்கள். அதுதான் வெர்லாக்குக்கு வினையாகிறது. ஊரே நடுங்கும் என்று நினைத்து ஏவினால் ஊர் சிரித்துவிட்டது. கூலி கிடையாது, அடுத்த முறை யாரும் சிரிக்கக் கூடாது என்கிறான் பின்னால் இருந்து இயக்குகிறவன். மிருகக்காட்சி சாலையின் மீன்தொட்டி முன்னால் நின்று இதைப் பேசுகிறார்கள். வெர்லாக் தொட்டியையே பார்க்கிறார். தண்ணீருக்குள் பிக்காடிலி சந்திப்பின் கட்டடங்கள் இடிந்து கரைகின்றன.

அந்த இடத்தில் எங்கள் வீட்டிலும் கரண்ட் போனது. வெளியூர்க்காரர்கள் படும் பாட்டோடு பார்த்தால் நாங்கள் புண்ணியம் செய்தவர்கள், குறை சொல்லக் கூடாது.

படம் 'சபடாஜ்', 1936. இயக்கம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், அமெரிக்காவுக்குப் போவதற்கு முன். மூலம் ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்' நாவல், 1907. நாவலின் பெயரையே படத்துக்கு வைக்க முடியாமல் போனது, ஏனென்றால் அதே வருஷம் ஹிட்ச்காக்கே 'சீக்ரெட் ஏஜென்ட்' என்று வேறொரு படம் எடுத்திருந்தார். அது சாமர்செட் மாமின் கதை. புத்தகக் கடைக்காரர்களையும் சினிமாப் பிரியர்களையும் அன்று முதல் இன்று வரை குழப்பும் விஷயம் இது.

டிவிடி, ஹிட்ச்காக்கின் பிரிட்டிஷ் காலப் படங்களை மொத்தமாக அடைத்து விற்கும் மலிவுத் தொகுப்பில் ஒன்று. திரையில் மழை பெய்கிறது, கறுப்பு கறுப்பாக இல்லை, வசனத்துக்குக் கீழே எழுத்தும் வராது. பரவாயில்லை. இந்த மனிதர் மௌனப் படத்தில் தொழில் கற்றவர், பாதிக் கதையைப் பொருள்களை வைத்தே சொல்லிவிடுகிறார்.

9.9.2012, ஞாயிறு

மதியம் மாடி வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் புறநகர்க் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டகைக்காரனைப் பற்றிய படம் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அத்தை தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் கதை புரியாமல் போனதே இல்லை.

வெர்லாக்கைப் போலீஸ் நோட்டமிடுகிறது. காய்கறிக் கடைப் பையன்தான் மாறுவேடப் போலீஸ். எனவே குண்டை வெர்லாக்கே கொண்டுபோய் வைக்க முடியாது. மனைவியின் தம்பி ஸ்டீவியிடம் கொடுத்தனுப்புகிறார். பள்ளிக்கூடப் பையன். முதல் காட்சிகளிலேயே ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் தட்டை உடைத்து, சில்லுகளை மறைத்துவைப்பானே, அவன். பிக்காடிலி நிலையத்தில் பொருள் பாதுகாக்கும் அறையில் பொட்டலத்தைச் சேர்த்துவிட வேண்டும். போகிற போக்கில் இரண்டு படச்சுருள் டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றே முக்காலுக்கு வெடிக்கும் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். ஆபீஸ் ரூமில் கொடுத்துவிட்டு வா என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்பினால், நடுவில் தண்ணீர்க் குழாய், நாய், விளையாட்டு மைதானம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் பையன் போய்ச் சேருவான். ஸ்டீவி அச்சு அசல் அப்படித்தான். தெருவில் பற்பசை விற்கிறவன் அவனைப் பிடித்து உட்கார வைத்து, கூட்டத்தின் நடுவே பல்லைத் தேய்த்துவிடுகிறான், தலையில் எண்ணெய் தடவி வாரிவிடுகிறான். கூட்டம் சிரிக்கிறது. அடுத்து மேயர் ஊர்வலம். குதிரைகள் போகும்வரை சாலையைக் கடக்க முடியாது, அவனுக்கும் கடக்க மனசில்லை. கடைசியில் பஸ்.

பஸ்ஸில் கண்டக்டர் தடுக்கிறார். ஃபிலிம் டப்பாவை ஏற்றக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள். ஆபரேட்டர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நியாயம்தான் டீச்சர். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம். பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது. நான் வேலைக்குச் சேர்றப்ப சேஃப்டி ஃபிலிம் வந்துடுச்சு, ஆனா எனக்குக் கத்துக் குடுத்தவர் கையில அந்தத் தழும்பு இருந்துச்சு."

நைட்ரேட் எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை. ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில்தான் உலகம் அதைக் கைவிட்டது. 2003-இல் புனேயில் பழைய நைட்ரேட் சுருள்கள் தீக்கிரையானபோது இந்தியாவின் ஆரம்பகால சினிமாவில் எவ்வளவோ போயிற்று. குவென்டின் டரன்டினோ தன் 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' படத்தில் நைட்ரேட் எப்படி எரியும் என்று விளக்க, ஸ்டீவி பஸ் ஏறும் இந்தத் துண்டையே எடுத்துப் போட்டிருக்கிறார்.

டப்பாவின் மேல் எழுதியிருந்த படத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, ஏதோ கேலி சொல்லி கண்டக்டர் பையனை ஏற்றிக்கொள்கிறார். ஒரு நல்ல மனிதர் விதியைத் தளர்த்துகிறார். அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அண்ணன் தன் காலத்துக்குப் போய்விட்டார். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகையில் ஓட்டும் நாள்களில், இங்கே ஓடி முடிந்த ரீலைப் பெட்டியில் போட்டு ஒரு பையன் சைக்கிளில் ஜிஎஸ்டி ரோடில் மிதித்துக்கொண்டு போவானாம். அடுத்த கொட்டகையில் முந்தைய ரீல் முடிவதற்குள் அவன் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் விசில், பெஞ்சைத் தட்டுவது, ஆபரேட்டரின் பரம்பரைக்கே வசவு. சில நாள் மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியில் காய்கறிக் கூடைகளோடு பெட்டி வருமாம். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் எத்தனை எம்ஜிஆரும் சிவாஜியும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தார்களோ.

பஸ் நகரவில்லை. சிக்னல். கடிகாரம். பக்கத்து இருக்கையில் ஒரு நாய்க்குட்டி; ஸ்டீவி அதோடு விளையாடுகிறான். கடிகார முள்ளும் பொட்டலமும் மாறி மாறி வருகின்றன, வெட்டுகள் குறுகிக்கொண்டே போகின்றன. என் கை ரிமோட்டுக்குப் போனது. அத்தை, "நிறுத்தாத" என்றார்.

வெடித்தது.

அடுத்த நொடியே வெர்லாக்கின் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

"என்னடி இது, சிரிக்கிறாங்க?" என்றார் அத்தை. "அந்தப் பையன்?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "படமா எடுத்திருக்கான் பாவி" என்று எழுந்து போய்விட்டார். அண்ணன் கடைசிவரை இருந்தார்.

12.9.2012, புதன்

1936-இலும் அத்தைகள் இருந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த விமர்சகர் சி. ஏ. லெஜூன் ஹிட்ச்காக்கிடமே கோபத்தைக் கொட்டினாராம். ஹிட்ச்காக்கும் பின்னால் இறங்கி வந்துவிட்டார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில், பையன் ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தவனாகிவிட்டான், அவனைச் சாகடித்தது தவறு என்கிறார். குழந்தையைச் சாகடிப்பது சினிமாவின் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதற்குப் பக்கத்தில் வருகிறது என்பது ட்ரூஃபோவின் கட்சி.

குண்டு இருப்பதை ரசிகனுக்கு முன்பே சொல்லிவிடு, பதினைந்து நிமிடம் பதறவிடு, கடைசியில் வெடிக்கவிடாதே. இது ஹிட்ச்காக் வாழ்நாளெல்லாம் உபதேசித்த சூத்திரம். பதறவைத்துவிட்டு வெடிக்கவும் வைத்தால் ரசிகன் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறான் என்பது வாதம்.

எனக்கு ஒப்பவில்லை. கான்ராட் நாவலில் ஸ்டீவி விவரம் போதாத வாலிபன். 1894-இல் கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் அருகே குண்டோடு வந்த ஒருவன் தானே வெடித்துச் செத்த நிஜச் சம்பவம்தான் நாவலுக்கு வித்து. அங்கே மரணம் கதையின் நடு அச்சு. அதை எடுத்துவிட்டால் அக்காவின் கையில் கத்தி வருவதற்குக் காரணம் கிடையாது. குண்டு வைக்கிறவர்களின் உலகில் பொட்டலம் சுமக்கிறவன் கடைசி நொடியில் தப்பிப்பதுதான் பொய். 1991-இல் குண்டு வெடித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணி தூரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

16.9.2012, ஞாயிறு

பாலசந்தரின் 'பொம்மை' விசிடி கிடைத்தது. கே. பாலசந்தர் இல்லை; வீணை எஸ். பாலசந்தர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் தமிழில் அவரைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது.

ஒரு தொழிலதிபரைக் கொல்லத் திட்டம். நடக்கும் பொம்மை ஒன்றுக்குள் குண்டு. பொம்மை கை தவறி, ஆள் மாறி ஆள் மாறி மெட்ராஸ் முழுக்கச் சுற்றுகிறது. 1964-இல் வந்த படம். 'சபடாஜ்' பார்த்த கண்ணோடு பார்த்தால் உறவு தெரியாமல் போகாது. பாலசந்தருக்கு வெளிநாட்டுப் படங்கள் மேல் பெரும் பித்து. அதற்குப் பத்து வருஷம் முன்பு ஏவிஎம்முக்காக அவர் எடுத்த 'அந்த நாள்', பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். அதற்கு வித்து குரோசாவாவின் 'ரஷோமோன்' என்று பொதுவாகச் சொல்வார்கள். இல்லை, ஆன்டனி ஆஸ்க்வித் 1950-இல் எடுத்த 'தி உமன் இன் குவெஸ்சன்' என்ற பிரிட்டிஷ் படம்தான் என்போரும் உண்டு. ஜப்பான் விமானம் மெட்ராஸில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் 'அந்த நாள்' கதை நடக்கிறது. சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிறார். செத்தவர் தேசத்துரோகி. 1954-இல் இந்தத் துணிச்சல்.

அப்படிப்பட்டவர் 'பொம்மை'யில் வேறு வழி பிடிக்கிறார். பொம்மை யார் கையில் இருந்தாலும் மனசு பதறுகிறது. ஆனால் எந்தக் கையும் நமக்குச் சொந்தமாவதற்குள் அடுத்த கைக்குப் போய்விடுகிறது. ஸ்டீவிக்குக் கிடைத்த அடுப்படியும் உடைந்த தட்டும் இங்கே ஒருவருக்கும் கிடைக்கவில்லை. படம் ஒரு துரத்தல் விளையாட்டு, முதலிலேயே அப்படித்தான் கைகுலுக்குகிறது. நடுவில் பாட்டு வருகிறது. யேசுதாஸின் குரலும் இந்தப் படத்தில் உண்டு. முடிவில் பாலசந்தர் படத்தில் வேலை செய்த ஒவ்வொருவரையும் திரையில் நிறுத்தி அறிமுகப்படுத்துகிறார். லைட் பிடித்தவர் முகத்தைக் காட்டிய படம் தமிழில் வேறு எத்தனை இருக்கும்? அண்ணன் கை தட்டினார். அத்தை இந்தப் படத்தை முழுதும் உட்கார்ந்து பார்த்தார்.

23.9.2012, ஞாயிறு

பல்லாவரத்திலிருந்து திரும்பும்போது பஸ் நின்றுவிட்டது. பிள்ளையார் ஊர்வலம். லாரி லாரியாகச் சிலைகள், தாரை தப்பட்டை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். முன் சீட்டில் ஒரு பையன் மடியில் ஒரு அட்டைப் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆடிக்கொண்டிருந்தான். டிரைவர் தலைக்கு மேலே, எளிதில் தீப்பற்றும் பொருள்களை எடுத்துவரக் கூடாது என்று பாதி அழிந்த எழுத்து. பெட்டியில் என்ன என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மிக்சி ஜார்.

29.9.2012, சனி

கத்திக் காட்சிக்காக மறுபடி போட்டேன். தம்பி செத்த சேதி பேப்பரில் வந்துவிட்டது. அக்கா கொட்டகைக்குள் போய் உட்காருகிறாள். குழந்தைகளுக்காக டிஸ்னி கார்ட்டூன் ஓடுகிறது, ஒரு கணம் அவளும் சிரித்துவிடுகிறாள். பிறகு சாப்பாட்டு மேஜை. இறைச்சி வெட்டும் கத்தி அவள் கையில். கீழே வைக்கிறாள், மறுபடி கை போகிறது. தம்பியின் காலி நாற்காலி. வெர்லாக் அவள் கண்ணைப் பார்க்கிறார், கத்தியைப் பார்க்கிறார், எழுந்து வருகிறார். அவள் குத்தினாளா, அவர் வந்து விழுந்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பேச்சே கிடையாது. இவ்வளவு துண்டு துண்டாக, வசனமில்லாமல் எடுக்கிறாரே என்று படப்பிடிப்பில் கலங்கிய, அக்காவாக நடித்த சில்வியா சிட்னி, தொகுத்த காட்சியைப் பார்த்து அசந்துபோனாராம். அசராமல் என்ன செய்வார்.

ஆனால் அதற்குப் பிறகு வரும் நிமிடங்கள்! அவளைக் காதலிக்கும் அந்த மாறுவேடப் போலீஸ்காரன், சரணடையப் போகிறவளைத் தடுக்கிறான். அவள் உயரதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதே நேரம் கொட்டகைக்குள் இன்னொரு குண்டு வெடித்து, வெர்லாக்கின் உடலும் சாட்சியமும் சேர்ந்து அழிகின்றன. கணவன் செத்துவிட்டான் என்று அவள் சொன்னது வெடிப்பதற்கு முன்பா பின்பா என்று அதிகாரிக்கு ஞாபகம் வரவில்லை. ஜோடி நடந்து போகிறது. கான்ராட் நாவலில் அவள் கடலில் குதித்துச் சாகிறாள்.

பையனைக் கொல்லும் தைரியம் இருந்த படத்துக்கு, அவனுக்காகக் கொலை செய்தவளை ஒரு நாள் முழுக்க அந்தக் கொலையோடு வைத்திருக்கும் தைரியம் இல்லாமல் போய்விட்டது. முதல் குண்டு கதையிலிருந்து வந்தது. இரண்டாவது குண்டு தயாரிப்பாளரின் மேஜையிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. ஹிட்ச்காக் வருந்த வேண்டிய இடம் பஸ் அல்ல, இந்தக் கடைசி ஐந்து நிமிடம். 76 நிமிடப் படம். 71 வரை பாருங்கள்.